பதினோரு மாத ஆசிரியர்கள்: பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

மே, 2025

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், இந்தக் கோப்பு கடந்து போகும் நிதித்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இது மே மாதம். அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் சுமார் 12 ஆயிரம் பேருக்கு இந்த மாதம் சம்பளம் கிடையாது. ஏப்ரல் மாதத்துக்கென்று கைக்கு வந்த 12,500 ரூபாயை வைத்துக்கொண்டு ஜூன் கடைசி வரை அவர்கள் குடும்பம் நடத்த வேண்டும். இந்த வருடம் மட்டும் இப்படி இல்லை. 2012-ல் பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் இப்படித்தான் போகிறது.

நான் அவர்களில் ஒருத்தி இல்லை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வேலையில் இருந்தவரை மே மாதச் சம்பளத்தை முழுசாக வாங்கியவள், இன்று ஓய்வூதியத்தில் வாழ்கிறவள். என் பள்ளியில் பகுதிநேர ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய வருகைச் சான்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அதற்கு என்ன வாங்கினார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசினால் போராட்டக்காரர்கள் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வீர்கள். எனக்கு இதில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பணியிடங்கள் எப்படி வந்தன என்பதை நினைவுபடுத்த வேண்டும், ஏனென்றால் இன்று பேசும்போது ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை போலப் பேசுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது: ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழில் கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தை நிறைவேற்றத்தான் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 2011 நவம்பர் 11 அன்று அரசாணை எண் 177 வந்தது. ஓவியத்துக்கு 5,253 பேர், உடற்கல்விக்கு 5,392 பேர், கணினி, தையல், இசை எல்லாம் அடங்கிய தொழில் கல்விக்கு 5,904 பேர். மொத்தம் 16,549. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. சான்றிதழ்களைச் சரிபார்த்து, நேர்காணல் நடத்தி ஆள் எடுத்தார்கள். யாரும் கொல்லைப்புற வழியாக வரவில்லை.

அந்த ஆணையில் ஆண்டுச் செலவாக ஒதுக்கிய தொகை 99 கோடியே 29 லட்சம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16,549 பேர், ஆளுக்கு 5,000 ரூபாய், பன்னிரண்டு மாதம். 99 கோடியே 29 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. பதினோரு மாதத்துக்குப் பெருக்கினால் 91 கோடிதான் வரும். ஆக, இந்த வேலையை உருவாக்கியபோது அரசே வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்றுதான் கணக்கு வைத்தது. அந்தப் பன்னிரண்டாவது மாதம் நடைமுறைக்கு வரும்போது காணாமல் போய்விட்டது. காரணம் கேட்டால் கிடைக்கும் பதில், மே மாதம் பள்ளி நடக்காது என்பது. எனக்கும்தான் மே மாதம் பள்ளி நடக்கவில்லை. என் கூடப் பணியாற்றிய பட்டதாரி ஆசிரியருக்கும் இடைநிலை ஆசிரியருக்கும் நடக்கவில்லை. எங்கள் சம்பளத்தை யாரும் பிடிக்கவில்லை.

சரி, வாரத்தில் மூன்று அரைநாள் வேலைதானே, மீதி நேரத்தில் வேறு ஏதாவது பார்க்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் அது நியாயமான கேள்வி. ஓர் அரசுப் பள்ளிக்குள் வந்து பார்த்தால் அப்படிக் கேட்க வாய் வராது.

தையல் டீச்சருக்குப் பாடவேளை இரண்டுதான். ஆனால் ஜூன் மாதம் விலையில்லாச் சீருடை வந்து இறங்கியதும், அளவு சரியில்லாமல் தொளதொள என்று தொங்கும் சட்டைகளைப் பிடித்துக் கொடுப்பது அவர்தான். கணினி ஆசிரியர் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லித்தருவதைவிட எமிஸ் என்ற துறையின் இணையத் தகவல் தளத்தில் பதிவேற்றுவதுதான் அதிகம். வருகை, ஆதார் எண், வங்கிக் கணக்கு, உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ் என்று எல்லாம் அங்கேதான் ஏற வேண்டும். சர்வர் இரவில்தான் ஓரளவு வேகமாக ஓடும் என்பதால் வீட்டில் போய் உட்கார்ந்து செய்வார்கள். அந்த நேரத்தை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுத முடியாது, எழுதினால் எடுத்துக்கொள்ளவும் மாட்டீர்கள். பி.டி. சார் குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறுவார், கடைசிப் பிள்ளையை அதன் வீட்டில் விட்ட பிறகு தன் வீட்டுக்குப் போவார். ஓடிவிட்டு வரும் பிள்ளைக்குக் குளுக்கோஸும் வாழைப்பழமும் அவர் பாக்கெட்டில் இருந்துதான் வாங்கிக் கொடுப்பார். ஒரு வகுப்பாசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பில் போய் நிற்பது யார்? வழக்கமாக அன்று வேலைநாள் இல்லாத ஓவிய ஆசிரியர்தான். "சார், கொஞ்சம் வந்துடுங்களேன்" என்று தலைமை ஆசிரியர் போன் செய்தால் வரமாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளைகளை வகுப்பில் தனியாக விட முடியாது என்ற ஒரே காரணத்தால் கூப்பிட்டேன். அதைவிட்டால் என்னிடம் வேறு ஆள் கிடையாது. அப்படி ஒரு பள்ளியை நடத்தச் சொல்லித்தான் துறை என் கையில் கொடுத்திருந்தது.

2022 முதல் அரசு கலைத் திருவிழா நடத்துகிறது. நல்ல திட்டம், மனசார வரவேற்கிறேன். கலையரசன், கலையரசி என்று பட்டம் வாங்கிய பிள்ளைகளின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பிள்ளைகளுக்குக் களிமண் பிசையவும் பறை அடிக்கவும் நாடகத்தில் வாய்விட்டுப் பேசவும் கற்றுக்கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் பகுதிநேர ஆசிரியர்கள். பள்ளி முடிந்து பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் பயிற்சி கொடுத்தவர்கள். மேடையில் அமைச்சர் கையால் பரிசு வாங்கிய பிள்ளையின் ஆசிரியருக்கு அடுத்த மே மாதம் சம்பளம் இல்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி சம்பளக் கணக்கு. 2012-ல் 5,000. 2014-ல் 7,000. 2017-ல் 7,700. 2021-ல் 10,000. 2024 ஜனவரி முதல் 12,500. இதில் 2021-ஆம் ஆண்டின் உயர்வை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது மூன்று அரைநாள் என்று இருந்த வேலையை மூன்று முழுநாள் ஆக்கினார்கள். வேலை நேரம் இரண்டு மடங்கு ஆனது. சம்பளம் 7,700-லிருந்து 10,000 ஆனது. பத்திரிகைகளில் ஊதிய உயர்வு என்றுதான் செய்தி வந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் அது குறைப்பு.

மாதம் 12,500 என்றாலும் பதினோரு மாதம்தான் என்பதால் வருடத்துக்கு 1,37,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,458. இதே ஓவியத்தையும் தையலையும் இசையையும் உடற்கல்வியையும் நடத்த 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்துச் சிறப்பாசிரியர்களை எடுத்தது. அவர்களுக்கு அடிப்படை ஊதியமே 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்ந்தால் 30 ஆயிரத்தைத் தாண்டும். வாரத்தில் ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் வருகிறவர் என்று கணக்கில் கொண்டாலும், அந்த விகிதப்படி பார்த்தால்கூட 12,500 எட்டவில்லை. ஒரே கல்வித் தகுதி, ஒரே பிள்ளைகள், ஒரே கரும்பலகை.

2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஒரே வேலையைச் செய்கிற தற்காலிகப் பணியாளருக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பது சுரண்டல். குறைந்த கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொள்கிறார் என்றால் அது விருப்பத்தால் அல்ல, குடும்பத்தைக் காப்பாற்றத் தன் சுயமரியாதையை விட்டுக்கொடுத்து ஒத்துக்கொள்கிறார் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பணிநிரந்தரம் என்று பேச்செடுத்தால் முறையான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிகப் பணியாளர்கள் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைச் சட்டத்துறை எடுத்து நீட்டும். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், நீண்ட காலம் நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செய்தவர்களை மறுப்பதற்கு உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பதின்மூன்று ஆண்டுகளாகத் தொடரும் ஒரு வேலையைத் தற்காலிகம் என்று சொல்ல மனசு எப்படி வருகிறது என்று கேட்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை.

மே மாதம் இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? என்னுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியர் கோயில் திருவிழாவுக்கு பேனர் எழுதப் போவார். பிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலையும் குறைந்துபோனதால் கல்யாண வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போனார். ஏணியில் நிற்கும்போது தெருவில் போகிற அவருடைய மாணவன் "சார், வணக்கம்" என்பான். அவர் இறங்கி வந்து அவனிடம் விடுமுறையில் என்ன படம் வரைந்தாய் என்று கேட்பார். ஓர் ஆசிரியை துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பார், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கால் கடுக்க. இன்னொருவர் நூறு நாள் வேலை அட்டை வைத்திருந்தார். எந்த வேலையும் தாழ்ந்தது இல்லை, அதைச் சொல்லி இவர்களைச் சிறுமைப்படுத்த வரவில்லை. நான் சொல்ல வருவது கடனைப் பற்றி. மே மாதம் வாங்கும் கடன் மே மாதத்தோடு முடிவதில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் சொந்தப் பிள்ளைக்கு நோட்டு, பை, கல்லூரிக் கட்டணம் எல்லாம் நிற்கும். ஜூன் மாதச் சம்பளம் வரும்போது அது ஏற்கெனவே வட்டிக்குப் போயிருக்கும். கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போய், தீபாவளிக்கு மீட்டு, மறுபடி அடுத்த மே மாதம் அதே கடைக்குப் போகும். வருடத்தில் ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்துவதால் மற்ற பதினோரு மாதமும் கெடுகிறது. நிதித்துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருக்காது.

16,549 பேர் சேர்ந்தார்கள் என்று சொன்னேன். இன்று சுமார் 12 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். சிலர் வேறு வேலைக்குப் போனார்கள், சிலர் வயதாகி வெளியேறினார்கள், சிலர் இறந்துபோனார்கள். பணியில் இருக்கும்போது நான் இறந்திருந்தால் என் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க வழி இருந்தது, குடும்ப ஓய்வூதியம் இருந்தது. பகுதிநேர ஆசிரியர் இறந்தால் மாலை வாங்கிப் போக சக ஆசிரியர்கள்தான் வசூல் செய்கிறார்கள். 2012-ல் நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்தவர்கள் பலர். அவர்கள் இப்போது ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். இன்னும் சில வருடத்தில் ஓய்வூதியம் ஏதுமில்லாமல் வெளியே போவார்கள். எதைச் செய்வதாக இருந்தாலும் அவர்கள் இருக்கும்போது செய்ய வேண்டும்.

தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆவது வாக்குறுதியாக இவர்களுடைய பணிநிரந்தரம் இருந்தது. அந்த எண்ணை இவர்கள் மறக்கவில்லை. எந்த ஊரில் எந்தப் பகுதிநேர ஆசிரியரைக் கேட்டாலும் 181 என்று சொல்வார். 2023 செப்டம்பர் கடைசியில் சென்னையில் கல்வித்துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள், பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்கள். அக்டோபரில் 2,500 ரூபாய் உயர்வும் 10 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் அறிவித்தீர்கள். உயர்வு வந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். காப்பீட்டு அட்டை எங்கே என்று என்னுடன் பணியாற்றியவர்கள் இன்னும் என்னைக் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

நிதி இல்லை என்பது உங்கள் முக்கியமான பதில். அதில் உண்மை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, அனைவருக்கும் கல்வி இயக்கம் இப்போது சேர்ந்திருக்கும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. அது அநியாயம். பிள்ளைகளின் பணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது என்று நீங்கள் சொல்லும்போது ஒரு முன்னாள் ஆசிரியையாக நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருப்பதும் சரிதான். சட்டப்படி தனக்குச் சேர வேண்டிய பணம் வராதபோது ஒரு மாநிலம் எவ்வளவு திண்டாடுகிறது என்பதை இந்த ஒரு வருடத்தில் நீங்கள் அனுபவித்துப் பார்த்திருக்கிறீர்கள். அந்த அனுபவத்தோடு இவர்களுடைய கோப்பை எடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் நான் முதலில் கேட்பது பெரிய தொகை இல்லை. 12 ஆயிரம் பேருக்கு ஒரு மாதம் 12,500 ரூபாய் என்றால் 15 கோடி. 2025-26-க்குப் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியிருப்பது 46,767 கோடி. ஒன்றிய அரசிடமிருந்து ஒரு பைசா வராவிட்டாலும், மாநில நிதியிலிருந்தே இந்த 15 கோடியைக் கொடுக்க முடியும். நிதி நெருக்கடியிலும் காலை உணவுத் திட்டத்தை நிறுத்தாமல் நடத்துகிறீர்கள். முடிவு எடுத்தால் பணம் கிடைக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பணிநிரந்தரம் உடனே முடியாது, சட்டச் சிக்கல் இருக்கிறது, குழு அமைக்க வேண்டும் என்று சொல்லலாம். குழு அமையுங்கள். ஆனால் அதற்கு ஒரு கெடு தேதி வையுங்கள். நிரந்தர ஆசிரியர்களைப் போன்ற காலமுறை ஊதியத்தை ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள், அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. மருத்துவக் காப்பீட்டை அறிவித்தபடி நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு தொகையாவது ஒதுக்குங்கள். மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள்தான் என்று தலைமை ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள், அல்லது ஐந்து நாளும் வரவைத்து ஐந்து நாளுக்கான சம்பளத்தைக் கொடுங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் வைத்திருப்பதால்தான் தலைமை ஆசிரியர்களும் அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சங்கடப்படுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் எடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மே மாதச் சம்பளத்துக்கு நேரம் எடுக்காது. அதற்குக் குழு வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம், நீதிமன்றத்தின் அனுமதி வேண்டாம். 2011-ல் அரசு தானே போட்ட பன்னிரண்டு மாதக் கணக்கை மறுபடி எடுத்துக்கொண்டால் போதும். ஜூன் 2 அன்று பள்ளி திறக்கிறது. அதற்கு முன்னால் ஆணை வெளியிட்டு, மாவட்டங்களுக்கு நிதியை விடுவியுங்கள். இந்த மே மாதத்தோடு நிறுத்தாமல், இனி வரும் மே மாதங்களுக்கும் சேர்த்தே அந்த ஆணையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர்